நற்பணிக்கு இஞ்சி எலுமிச்சை மூலிகை டீ: காரம், விலை, கணக்கு

கேள்வி இதுதான்: பள்ளியில் ஒன்றாகப் படித்த சிலர் சேர்ந்து, நல்ல காரமான இஞ்சி எலுமிச்சை மூலிகை டீத்தூளை பாக்கெட் போட்டு விற்று, வரும் பணத்தை வீட்டிலேயே படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளை, பெரும்பாலும் புற்றுநோய் முற்றியவர்களை, போய்ப் பார்க்கும் நர்ஸ் அம்மாக்களின் ஆட்டோ செலவுக்கும் மருந்துக்கும் கொடுக்க நினைக்கிறார்கள். தூளை எப்படிச் செய்வது, என்ன விலை வைப்பது, சட்டப்படி என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மசாலாப் பொடி, சுக்குமல்லி என்று மகளிர் குழுக்களோடு வருஷக்கணக்காக வேலை செய்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நல்ல காரியம் என்று சொன்னால் முதல் பாக்கெட்டை யாரும் வாங்குவார்கள். சொந்தக்காரர், பக்கத்து வீடு, பழைய வாத்தியார் எல்லாரும் வாங்குவார்கள். இரண்டாவது பாக்கெட்டைத் தானாகக் கேட்டு வாங்க வேண்டுமென்றால், குடித்தவுடன் தொண்டையில் அந்தக் காரம் இறங்கி நிற்க வேண்டும். உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது பாக்கெட்டில்தான். அதனால் சட்டம், கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் சரக்கைப் பற்றிப் பேசிவிடுவோம்.

காரம் எங்கிருந்து வருகிறது? பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, இது ஜிஞ்சராலைவிடக் காரம் கூடுதல். வேகவைக்கும்போதோ ஜிஞ்சரால் ஜிஞ்சரோனாக மாறி இனிப்பு கலந்த சாதுவான வாசனைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் சுக்குக் கஷாயம் உறைக்கிற மாதிரி இஞ்சி போட்ட குழம்பு உறைப்பதில்லை. பாக்கெட்டில் காரம் வேண்டுமென்றால் சுக்குதான், அதில் யோசிக்கவே வேண்டாம். பச்சை இஞ்சியைச் சாறெடுத்துச் சர்க்கரையோடு காய்ச்சிப் பொடியாக்குவது இன்னொரு முறை, குழந்தைகளுக்குக்கூடப் பிடிக்கும். ஆனால் பாதிக்கு மேல் சர்க்கரையாகவே இருக்கும். உங்கள் பாக்கெட்டை வாங்கப்போகிறவர்களில் பலர் சர்க்கரை நோய்க்காரர்களாக இருப்பார்கள், அது வேண்டாம்.

சுக்கைக் கடையில் வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். வெள்ளை வெளேரென்று மாவு பூசின மாதிரி இருப்பது சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்தது. பூச்சி வராமல் இருக்கவும் பார்வைக்காகவும் செய்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது மண் நிறத்தில், சுருங்கி, ஒடித்தால் பட்டென்று ஒடிகிற சுக்கு. மேல் தோலைச் சுரண்டிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்று பாட்டிமார் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தோலில்தான் மண்ணும், பூஞ்சையும், அடித்த மருந்தின் மிச்சமும் ஒட்டியிருக்கும்.

முடிந்தால் இஞ்சியை விவசாயியிடமே வாங்கி நீங்களே காயப்போடுங்கள். தாளவாடிப் பக்கமும் வயநாட்டிலும் நிறைய விளைகிறது. எட்டு மாதமாவது நிலத்தில் கிடந்து முற்றிய இஞ்சியாக இருக்க வேண்டும். இளசாக இருந்தால் நீர்தான் அதிகம், காய்ந்ததும் ஒன்றும் மிஞ்சாது. முற்றிய இஞ்சியிலேயே கிட்டத்தட்ட ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ சுக்குதான் தேறும், விலை போடும்போது இதை மறந்துவிடாதீர்கள். தோலைச் சுரண்டி, நாருக்குக் குறுக்காக ஒரு காசு கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, ஸ்டீல் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய வேட்டித்துணி கட்டி வெயிலில் வையுங்கள். மழை நாளில் டிரையர் என்றால் 55 முதல் 60 டிகிரி போதும். அவசரப்பட்டு சூட்டைக் கூட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும், அந்த ஈரத்தில்தான் பிறகு பூஞ்சை பிடிக்கும். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கையில் பார்க்க ஒரு வழி இருக்கிறது: வில்லையை வளைத்தால் வளையக்கூடாது, உடைய வேண்டும், உடைந்த இடத்தில் நார் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும்.

அடுத்தது எலுமிச்சை. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். எலுமிச்சைச் சாற்றை வீட்டில் தூளாக்க முடியாது. ஆலைகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூளைக் கலந்து சூடான காற்றில் தெளித்துத் தூளாக்குகிறார்கள். அதை வாங்கிக் கலந்தாலும் காற்றுப் பட்டவுடன் கட்டி பிடித்துக்கொள்ளும். சிட்ரிக் அமிலம் மலிவு, ஒரு சிட்டிகையில் புளிப்பு வந்துவிடும், ஆனால் பல்லைக் கூசவைக்கும் தட்டையான புளிப்பு அது. பாக்கெட்டிலும் ஐஎன்எஸ் 330 என்று அதன் சேர்க்கைப் பொருள் எண்ணைப் போட வேண்டியிருக்கும். என் முடிவு என்ன என்றால், வாசனையைப் பாக்கெட்டில் வையுங்கள், புளிப்பை வாங்குகிறவரின் வீட்டு எலுமிச்சம்பழத்துக்கு விட்டுவிடுங்கள். "அடுப்பிலிருந்து இறக்கி, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரை மூடி பிழியவும்" என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். பழத்தைக் கொதிக்கும்போதே பிழிந்தால் வாசனையும் போகும், வைட்டமின் சி-யும் குறையும், விதையோ தோலோ கூட விழுந்திருந்தால் கசக்கவும் செய்யும்.

வாசனைக்கு இரண்டு பொருள். ஒன்று எலுமிச்சம்புல். எலுமிச்சைக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற சிட்ரால் என்ற பொருள்தான் இந்தப் புல்லின் எண்ணெயில் பெரும்பகுதி, பழத்தின் தோலில் அது கொஞ்சம்தான். அதனால் காய்ந்த பொருளிலிருந்து எலுமிச்சை மணம் வேண்டுமானால் பழத்தைவிடப் புல்லே கை கொடுக்கும். நிழலில் காயவைத்தால் பச்சை நிறம் நிற்கும், வெயிலில் போட்டால் வைக்கோலாகிவிடும். இரண்டாவது, பழத்தோல். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை மண்டியே இருக்கிறது, ஊறுகாய் போடுகிறவர்களிடமும் ஜூஸ் கடைகளிலும் தோல் சும்மாவே கிடைக்கும். ஆனால் பிழிந்து போட்ட தோலை வாங்காதீர்கள். முழுப் பழத்தை வாங்கி, கழுவித் துடைத்து, மஞ்சள் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அடியில் இருக்கிற வெள்ளைச் சதை சேர்ந்தால் கசப்பு ஏறும். சூப்பர் மார்க்கெட்டில் வரும் பெரிய வெளிநாட்டு எலுமிச்சை பளபளவென்று மெழுகு பூசி வரும், அது இதற்கு ஆகாது. சீவிய பிறகு மிஞ்சும் பழத்தை ஊறுகாய்க்காரரிடமே கொடுத்துவிடலாம், பாதி விலையாவது திரும்பும்.

நான் சொல்லும் அளவு, 100 கிராமுக்கு: சுக்கு 42, எலுமிச்சம்புல் 30, எலுமிச்சைத் தோல் 14, மிளகு 6, லேசாக வறுத்த மல்லி விதை 4, திப்பிலி 2, ஏலக்காய் 2. மிளகின் காரம் நாக்கு நுனியில் சட்டென்று பிடிக்கும், சுக்கு மெதுவாகத் தொண்டையில் இறங்கும், திப்பிலி குடித்து முடித்த பிறகும் நிற்கும். இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவதுதான் "நல்லா உறைக்குதுப்பா" என்று சொல்லவைப்பது. நிறையப் பேர் இனிப்புக்காக அதிமதுரம் சேர்க்கிறார்கள், சுவை நன்றாகவே இருக்கும், இருந்தும் நான் சேர்க்கமாட்டேன். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. உங்கள் வாடிக்கையாளர் யார், எத்தனை வேளை குடிப்பார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. இனிப்பு வேண்டுகிறவர் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ அவரே போட்டுக்கொள்ளட்டும். அதைத் தூளில் கலந்தால் ஈரத்தை இழுத்து மொத்தப் பாக்கெட்டையும் கெடுக்கும்.

இடிக்கும் பதம் முக்கியம். மாவாக அரைத்தால் டீ கலங்கலாக, அடியில் சகதி தங்கி, வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சுக்கும் மிளகும் ரவை பதத்துக்கு இருக்கட்டும், புல்லைக் கத்தரியால் அரை அங்குலத்துக்கு வெட்டிப் போட்டால் போதும். வாசனையும் பாக்கெட்டில் நாள் கணக்கில் நிற்கும். போடுகிற முறை: ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், ஏறக்குறைய ஒரு குவித்த டீஸ்பூன். கொதிக்கும் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடி ஐந்து நிமிஷம் வையுங்கள். மூடாமல் கொதிக்கவைத்தால் அடுக்களை மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. பால் ஊற்ற வேண்டாம் என்றும் பாக்கெட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் கட்டாயம் யாராவது பாலில் போட்டு, எலுமிச்சையும் பிழிந்து, திரிந்துவிட்டது என்று உங்களுக்கு போன் செய்வார்கள்.

டீ பேக் போடலாமா என்றால், தொடக்கத்தில் வேண்டாம். மிஷின் செலவு, பை செலவு எல்லாம் சேர்ந்து நோயாளிக்குப் போக வேண்டிய பணத்தைத் தின்றுவிடும். கையால் கட்டிப் பின் அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், டீ பேக்கில் ஸ்டேப்ளர் பின் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-லேயே உத்தரவிட்டுவிட்டது. உள்ளே அலுமினியப் படலம் ஒட்டிய பையில் 100 கிராம் போட்டு சீல் வையுங்கள். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டு டர்பன்டைன் வாடை அடிக்க ஆரம்பிக்கும். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் கவரில் போட்டால் பார்க்க அழகு, இரண்டு மாதத்தில் வாசனை போய்விடும்.

சட்டத்துக்கு வருவோம். நற்பணி என்பதால் விலக்கு எதுவும் கிடையாது. சாப்பிடும் பொருளைத் தயாரித்து விற்கிற யாரும் எஃப்எஸ்எஸ்ஏஐ-யில், அதாவது மேலே சொன்ன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில், பதிவு செய்ய வேண்டும், சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு எளிய பதிவு இருக்கிறது, ஃபோஸ்கோஸ் என்ற அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். அதோடு பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவில் பெரியதிலிருந்து சிறியது வரை, நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பச்சைப் புள்ளி, எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச விலை, முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண். அப்புறம் பெயர் விஷயம். தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் "டீ" என்று லேபிளில் போடக்கூடாது என்று 2025 டிசம்பரில் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே பேச்சில் மூலிகை டீ என்று சொன்னாலும், அச்சில் "இஞ்சி எலுமிச்சை மூலிகைப் பானத்தூள்" மாதிரி ஏதாவது வையுங்கள். அச்சடித்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கும் வேலை இருக்காது.

பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மசாலாப் பொருட்களில் ஈரம், பூஞ்சை நஞ்சு, சால்மோனெல்லா கிருமி, பூச்சி மருந்து மிச்சம் இவற்றைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் உணவு பதப்படுத்துவது பற்றிப் பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கும். முதல் பேட்சுக்கு ஒரு தடவை அங்கே போய் வந்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். உங்கள் பணம் போவது பெரும்பாலும் புற்றுநோய் முற்றியவர்களுக்கு. பாக்கெட்டின் ஒரு பக்கம் மூலிகை, மறுபக்கம் புற்றுநோயாளிகளுக்கு உதவி என்று இருந்தால், வாங்குகிற பாமர ஜனம் இரண்டையும் முடிச்சுப் போட்டு "இதைக் குடித்தால் கேன்சருக்கு நல்லதாம்" என்று நினைக்கும். நினைப்பதோடு நிற்காது, வாட்ஸ்அப்பில் போடும். யாரோ ஒருவர் கீமோவைப் பாதியில் விட்டுவிட்டு உங்கள் தூளைக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆகவே நோயின் பெயரே முன்பக்கத்தில் வேண்டாம். நோயாளி படம் கூடவே கூடாது, அவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு. "வீட்டுக்கே சென்று பராமரிக்கும் நர்ஸ்களின் பயணச் செலவுக்கு" என்று போடுங்கள், அதுதான் உண்மையும்கூட. சளி போகும், எடை குறையும், எதிர்ப்பு சக்தி கூடும் என்று எதையும் எழுத வேண்டாம். குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, அது வேறு விஷயம், பாக்கெட்டில் எழுதி விற்க அது போதாது. அதே சமயம் எச்சரிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கவும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இந்தக் காரமும் புளிப்பும் ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கு. "லாபத்தில் ஒரு பகுதி நற்பணிக்கு" என்ற வாசகத்தைப் போடவே போடாதீர்கள். லாபம் எவ்வளவு, பகுதி எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, பல சமயம் விற்கிறவருக்கே தெரியாது. உலகத்தில் இதை ஒழுங்காகச் செய்தவர்களைப் பார்த்தால் இரண்டு வழி தெரிகிறது. அமெரிக்காவில் நடிகர் பால் நியூமன் 1982-ல் சாலட் டிரெஸ்ஸிங் விற்கத் தொடங்கியபோது, லாபம் முழுவதும் நற்பணிக்கு என்று வைத்தார். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் லெமனெய்ட், சாரிட்டீ என்ற பெயர்களில் பானம் விற்பவர்கள், ஒரு பாட்டிலுக்கு இத்தனை சென்ட் என்று நிர்ணயித்து அதைத் தங்கள் சங்கத்துக்கு ஒதுக்குகிறார்கள். முதல் வழிக்கு லாபம் வரும்வரை காத்திருக்க வேண்டும், கணக்கும் சிக்கல். உங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இரண்டாவதே சரி: பாக்கெட்டுக்கு இத்தனை ரூபாய், லாபமோ நஷ்டமோ, விற்றவுடன் எடுத்து வைத்துவிடுவது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், தொகையை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கெட் விலை 150 ரூபாய். பொருள், பை, கூலி எல்லாம் சேர்ந்து 70. கடைக்காரர் கமிஷன் 30. நற்பணிக்கு 30. மீதி 20-ல்தான் பரிசோதனை, வண்டி வாடகை, விற்காமல் திரும்பி வரும் பாக்கெட் எல்லாம் அடங்க வேண்டும். ஆயிரம் பாக்கெட் விற்றால் 30,000 ரூபாய் நர்ஸ்களுக்கு. இந்தக் கூலியைக் கவனியுங்கள். இஞ்சி சுரண்டி, புல் நறுக்கி, வெயிலில் காவல் இருக்கிற பெண்களிடம் "நல்ல காரியம்தானே, சும்மா செய்து கொடுங்கள்" என்று கேட்கிற வழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. இஞ்சி சுரண்டினால் கை எப்படி எரியும் என்று ஒரு நாள் செய்து பார்த்தால் தெரியும். ஊர்க் கூலியை முழுசாகக் கொடுங்கள். ஒரு ஏழைப் பெண்ணின் உழைப்பை வாங்கி இன்னொரு ஏழைக்குத் தானம் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

150 ரூபாயை நேரடியாக நன்கொடையாகவே கேட்டால் முழுத் தொகையும் போய்ச் சேருமே என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும், அது நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், நன்கொடை கேட்டு வருஷத்தில் ஒரு தடவைதான் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியும். டீத்தூள் தீர்ந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். நர்ஸின் ஆட்டோ செலவு மாதாமாதம் வருவது, அதற்கு மாதாமாதம் வரும் சின்னத் தொகைதான் பொருத்தம். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு இயக்கம் (தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) பிறகு கேரளம் முழுக்க வேர்விட்டதே, அதைத் தாங்கி நின்றதில் பெரும் பங்கு அந்தந்த ஊர்க்காரர்கள் கொடுத்த சிறு சிறு தொகைக்கும் அவர்கள் செலவிட்ட நேரத்துக்கும் உண்டு. பெரிய கொடையாளர் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் அவர் மனசு மாறும் நாளில் வண்டி நின்றுவிடும். நேரடியாகக் கொடுக்க விரும்புகிறவரை அப்படியே நர்ஸ்களை அனுப்பும் அறக்கட்டளைக்கு அனுப்பிவிடுங்கள், அதற்கு 80ஜி என்ற வருமான வரிச் சலுகை ரசீது கிடைத்தால் கிடைக்கட்டும். பாக்கெட் வாங்கியதற்கு அந்த ரசீது கொடுக்கக்கூடாது, அது வியாபாரம், நன்கொடை ஆகாது. அறக்கட்டளையின் பெயரைப் போடுவதென்றால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் முடிந்ததும் எத்தனை பாக்கெட் விற்றது, எவ்வளவு கொடுத்தோம், அதில் எத்தனை வீடுகளுக்குப் போய் வந்தார்கள் என்று மூன்றே வரி எழுதி, கடைகளிலும் உங்கள் குழுவிலும் ஒட்டுங்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் ஒட்டுங்கள்.

விற்பனைக்கு நான் சொல்லும் நல்ல வழி, காய்ச்சிக் கொடுப்பது. திருவிழா, மாரத்தான், உழவர் சந்தை, எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே ஒரு பெரிய பாய்லர், ஒரு கூடை எலுமிச்சம்பழம். கண்ணெதிரே அரை மூடி பிழிந்து கொடுங்கள், குடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டே "பாக்கெட் எவ்வளவு" என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை, அதனால் எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஒரு ஆளும் தேவைப்படும். பித்தளை, அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சை கலந்ததை வைக்காதீர்கள், ஸ்டீல்தான்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். முற்றிய இஞ்சி தை, மாசியில் கிடைக்கும், அடுத்து வரும் பங்குனி வெயிலில் காயப்போட்டு டப்பாவில் அடைத்துவிட்டால் சுக்கு மாதக்கணக்கில் நிற்கும். புல்லும் பழத்தோலும் அப்படி நிற்காது, அவற்றை ஆவணிக்கு மேல் காயவைத்து, புரட்டாசிக் கடைசியில் கலந்து, ஐப்பசி மழை தொடங்கும்போது கடைக்கு வருகிற மாதிரி வையுங்கள். முதல் தடவை இருநூறு பாக்கெட்டுக்கு மேல் போட வேண்டாம், அது தீருகிற வேகத்தைப் பார்த்து அடுத்த பேட்சைக் கலந்துகொள்ளலாம்.